ராஜினாமாவுக்கு அவசரமில்லை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 46, பி.காம். படித்தவர். ஒரே கம்பெனியில் 21 வருடம். மாதச் சம்பளம் 26,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200. இதுவரை டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு, நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணியை அழுத்திச் சீராக்குதல்) என்று வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போய்வரும் துணிக்கு ஒரு நீளப் பேரேடு, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு முன் நிர்வாகம், கொள்முதல், விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் ஈஆர்பி மென்பொருள் வாங்கியது. விற்ற கம்பெனிக்காரர்கள் இரண்டு நாள் வகுப்பு எடுத்துவிட்டுப் போனார்கள். புரியவில்லை. கூட வேலை பார்க்கும் 24 வயதுத் தம்பி, "அக்கா, பாஸ்வேர்டு சொல்லுங்க, நான் போட்டு விட்டுர்றேன்" என்று இவருடைய லாகினிலேயே எண்ட்ரி போட்டுத் தருகிறார். போன வாரம் எச்.ஆர். கூப்பிட்டு, "மூணு மாசத்துல பழகிக்கங்க, இல்லைன்னா நீங்களே ஒரு முடிவு எடுத்துக்கங்க" என்றிருக்கிறார். பயத்தில் இவர் ஒரு தனியார் மையத்தில் 85,000 ரூபாய் ஏஐ டேட்டா அனலிட்டிக்ஸ் கோர்ஸுக்கு 5,000 முன்பணம் கட்டிவிட்டார்; மீதியை மாதத் தவணையில் கட்டலாமாம். மகள் பிளஸ் டூ.

கேள்விகள் மூன்று. அவர்களாகச் சொல்வதற்கு முன் மரியாதையாக நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடட்டுமா? அந்தக் கோர்ஸில் சேரட்டுமா? இந்த வயதில் இதெல்லாம் மண்டையில் ஏறுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே ஆபத்தான இடம் அதுதான். நாளைக் காலை முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

தம்பி நல்லவராகவே இருக்கட்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எந்தத் தேதியில் நடந்தது என்ற தடம் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு விதி. பெரும்பாலான மென்பொருள்களில் அந்தத் தடத்தோடு யூசர் பெயரும் ஒட்டிக்கொள்ளும். அவர் கைதவறி ஒரு டையிங் பில்லை இரண்டு முறை போட்டாலும், ஆடிட்டர் எடுத்துப் பார்க்கும் பட்டியலில் இருக்கப்போவது உங்கள் பெயர். "வேலை தெரியவில்லை" என்பது ஒரு குறை. பாஸ்வேர்டைப் பகிர்ந்தது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றச்சாட்டாகவே மாறலாம். இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. அவர் போடப் போட உங்கள் விரல்கள் எதையும் பழகவில்லை. ஆறு மாதம் போனது இப்படித்தான்.

இனி அவரிடம் கேட்க வேண்டிய உதவி வேறு: "தம்பி, நான் போடுறேன், நீ பக்கத்துல உக்காந்து பாரு. மவுஸைத் தொடாத." அவருக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். முதல் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வார்.

எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன போகும்

"தொழிலாளர் சட்டமெல்லாம் மெஷினில் வேலை பார்ப்பவர்களுக்குத்தானே, என் கார்டில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் என்றிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறான எண்ணம். எழுத்தர் வேலையும் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. கார்டில் என்ன பதவி அச்சடித்திருக்கிறது என்பதை நீதிமன்றம் பார்ப்பதில்லை; நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் பார்க்கும். பில் பதிவது, லெட்ஜர் சரிபார்ப்பது, வரித் தாக்கலுக்குக் கணக்கு எடுத்துக் கொடுப்பது, இவைதான் உங்கள் வேலை. யாரையும் வேலைக்கு எடுக்கவோ, தண்டிக்கவோ, லீவு தரவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை. அப்படியானால் 'தொழிலாளர்' என்று கோர உங்களுக்கு வலுவான வாதம் இருக்கிறது. சம்பள உச்சவரம்பு மேற்பார்வை வேலை பார்ப்பவர்களுக்குத்தான். எழுத்தர் வேலைக்கு அது இல்லை.

2025 நவம்பர் 21 முதல், பழைய 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஆட்குறைப்பு பற்றிய அடிப்படை மாறவில்லை. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம். 300 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலை என்றால் அரசின் முன் அனுமதியும் வேண்டும். தண்டனையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் அது ஆட்குறைப்புதான் என்று பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. "ஈஆர்பி தெரியவில்லை" என்பதும் அதில் அடங்கும் என்று வாதிட இடம் இருக்கிறது.

ரூபாயில் பார்ப்போம். கிராஜுவிட்டி (பணிக்கொடை): 18,200ஐ 26ஆல் வகுத்து 15ஆலும் 21ஆலும் பெருக்கினால் 2,20,500. நீங்களாகப் போனாலும் அவர்கள் நிறுத்தினாலும் இது வரும். ஆட்குறைப்பு நஷ்டஈடு தனி: அரை மாத ஊதியம் 9,100, அதை 21ஆல் பெருக்கினால் 1,91,100. அதோடு நோட்டீஸ் மாதச் சம்பளம். புதிய தொகுப்பில் இன்னொன்றும் உண்டு: ஆட்குறைப்புக்கு ஆளானவர் வேறு வேலை பழகுவதற்காக முதலாளி 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதியில் செலுத்த வேண்டும், அது 45 நாளுக்குள் உங்கள் கணக்குக்கு வர வேண்டும். ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடமே, கிராஜுவிட்டி தவிர மற்ற எல்லாம் போய்விடும். "நீங்களே முடிவு எடுத்துக்கங்க" என்று எச்.ஆர். சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்காகவும் இருக்கலாம். மரியாதை என்று நீங்கள் நினைப்பது உங்களுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் செலவு வைக்கும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்டம் வேலையைக் காலத்துக்கும் காப்பாற்றாது. நிறுத்துவதற்கு ஒரு விலை வைக்கிறது, அவ்வளவுதான். மகள் படிப்பு முடியும் வரை சம்பளம் வர வேண்டுமென்றால் வேலையைப் பழகித்தான் ஆக வேண்டும்.

அந்த 85,000 ரூபாய்

வேண்டாம். பைதான், டேஷ்போர்டு, மெஷின் லேர்னிங் என்று அவர்கள் அனுப்பிய பாடத்திட்டத்தில் உங்கள் மேசைக்கு வரும் எந்தத் தாளும் இல்லை. மூன்று மாதம் கழித்து எச்.ஆர். கேட்கப்போவது, கொள்முதல் பதிவை நீங்களே முடிக்கிறீர்களா என்பதை. சர்டிபிகேட்டை அவர் கேட்கப்போவதில்லை.

தவணை என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன். நீங்கள் வகுப்புக்குப் போவதை நிறுத்தினாலும் தவணை நிற்காது. ஆதார், ஓடிபி ஏதாவது கொடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஆன்லைனில் கடன் பதிவாகியிருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். எத்தனை நாள் என்று கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். உடனே பாருங்கள். கடன் இல்லையென்றால், சேரவில்லை, முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று இமெயிலில் கேளுங்கள்; போனில் பேசினால் சாட்சி இருக்காது. பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மண்டையில் ஏறுமா

வயதைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு நாள் வகுப்பில் நாற்பது ஸ்க்ரீன் காட்டி, மூன்று வாரம் கழித்து மென்பொருளை ஓடவிட்டால் 24 வயதுக்காரருக்கும் மறந்துதான் போகும். அந்தத் தம்பிக்குப் பழகியதற்குக் காரணம், தன் வேலையோடு உங்கள் வேலையையும் சேர்த்து அவர் தினமும் போட்டதுதான். டேலி ஈஆர்பி 9இலிருந்து டேலி பிரைமுக்கு மாறியபோதும், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் நீங்கள் பழகிக்கொண்டீர்கள். அப்போது யாரும் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

உங்கள் இடைவெளி நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரியதும் இல்லை. ஒரு நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்து, பத்து நாளைக்கு எழுதுங்கள்: செய்த வேலை, எதில் செய்தேன், எங்கே நின்றேன், யார் முடித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது பத்தியில் பெரும்பாலும் ஐந்தாறு வரிகள்தான் திரும்பத் திரும்ப வரும். அதுதான் உங்கள் பாடத்திட்டம்.

அதில் எதை முதலில் எடுப்பது? கஷ்டமானதை அல்ல, திருத்த முடியாததை. இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதிவாகும் மின்னணு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தவறாகப் போட்டுவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு பெரும்பாலும் கிரெடிட் நோட்டு (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். ஆண்டு விற்பனை 10 கோடியும் அதற்கு மேலும் இருந்தால், 2025 ஏப்ரல் முதல், பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போர்ட்டலில் ஏற்றாவிட்டால் அது ஏறவே ஏறாது. ஆகவே பில்லிங் ஸ்க்ரீன் முதல் வாரத்தில். ரிப்போர்ட்டுக்குக் கலர் அடிப்பது கடைசியில், அல்லது எப்போதும் வேண்டாம்.

ஒரு பாடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்

"ஜிஎஸ்டிஆர்-2பியை எங்கள் கொள்முதலோடு ஒத்துப்பார்க்க எனக்கு மூன்று நாள், அவனுக்கு முக்கால் மணி நேரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். (2பி என்பது, சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் மாதாமாதம் தரும் பட்டியல்.) அந்த முக்கால் மணி நேரத்தில் மந்திரம் ஏதும் இல்லை.

2பி ஷீட்டையும், ஈஆர்பியிலிருந்து எடுத்த கொள்முதல் பட்டியலையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது. இரண்டிலும் ஒரு புதிய பத்தி போட்டு, சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரே சாவியாக்குங்கள். பில் எண் மட்டும் போதாது: 45 என்ற எண்ணில் பத்துப் பேர் பில் அனுப்பியிருப்பார்கள். பிறகு அந்தச் சாவியை வைத்து, ஒரு பட்டியலில் தேடி எடுத்துத் தரும் விலுக்அப் ஃபார்முலாவில் தொகையை இழுத்து, இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு ரூபாய்க்குள் இருந்தால் ரவுண்டிங், விட்டுவிடலாம்.

எங்கே கெடும்? முக்கியமாக மூன்று இடத்தில். ஒன்று, கண்ணுக்குத் தெரியாத காலி இடம்: பில் எண்ணின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் இருந்தால் கம்ப்யூட்டருக்கு அது வேறு பில். டிரிம் ஃபார்முலா அதை வெட்டிவிடும். இரண்டாவது, எக்செல் தானாகச் செய்யும் உபகாரம்: 0457 என்று அடித்தால் 457 ஆக்கும், 4-5 என்று அடித்தால் தேதி ஆக்கும், 12E5 போன்ற எண்ணை 12 லட்சம் என்று படிக்கும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதுவே கதி, கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்.

மூன்றாவதுதான் மோசமானது. விலுக்அப்பின் கடைசியில் 'ஃபால்ஸ்' போட மறந்தால், அது சரியான பில்லைத் தேடாது. ஏறக்குறைய அந்த இடத்தில் இருப்பதை எடுத்துத் தரும். பிழை என்று சிவப்பாகக் காட்டினால் நாம் நின்று பார்ப்போம். இதுவோ ஒரு தொகையை ஒழுங்காகக் காட்டும், தவறான தொகையை. எனவே ஃபார்முலா போட்டதும் நடுவிலிருந்து ஐந்து பில்லைக் கையால் சரிபார்ப்பது வழக்கமாகட்டும்.

பொருந்தாமல் நிற்கும் பத்துப் பதினைந்து பில்தான் உண்மையான வேலை. இந்த டையிங்காரர் எப்போதும் ஒரு மாதம் தள்ளித்தான் ரிட்டர்ன் போடுவார், அந்த நூல் வியாபாரி பழைய ஜிஎஸ்டி எண்ணிலேயே அனுப்பியிருப்பார் என்று கண்டுபிடிக்கத் தம்பியால் முடியாது. உங்களால் முடியும். 2பியில் இல்லாத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது என்பதால், ஒவ்வொரு பில்லும் கம்பெனிக்கு ரொக்கம்.

எப்போது, எப்படி

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். புதன்கிழமைக்குள் பாதி போய்விடும். தினம் 25 நிமிடம், காலையில் பில் கட்டு மேசைக்கு வருவதற்கு முன். இன்று செய்ததை மறுநாள் நோட்டைப் பார்க்காமல் செய்யுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை. பார்க்காமல் செய்யத் திணறும் அந்த நேரத்தில்தான் பாடம் பதிகிறது. வீடியோவை நான்கு முறை பார்ப்பதால் பதியாது.

உங்கள் மாதத்துக்கும், வரி கட்டவும் ரிட்டர்ன் தாக்கல் செய்யவும் உள்ள கெடுத் தேதிகளால், ஒரு போக்கு இருக்கிறது. 7ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 3பி. புதுப் பாடத்தை 21க்கு மேல் தொடங்குங்கள். 1 முதல் 13 வரை பழைய பாடத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். 14ஆம் தேதி 2பி வந்ததும் 20 வரை மேலே சொன்ன பயிற்சி. மூன்று மாதத்தில் மூன்று முறை வாய்ப்பு வரும். முதல் மாதம் இரண்டு நாள் ஆகட்டும், மூன்றாவது மாதம் இரண்டு மணி நேரத்துக்கு வந்துவிடும்.

விரிதாளை அடியிலிருந்து பழக, மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் லிப்ரே ஆபீஸ் கால்க் பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன. சிறு சிறு வீடியோக்கள். ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபக்கம் கூடவே செய்துபார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். லிப்ரே ஆபீஸும் இலவசம். நான் சொன்ன ஃபார்முலாக்கள் அதிலும் அப்படியே வேலை செய்யும். டேலியைத் திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் எஜுகேஷனல் மோடில் லைசென்ஸ் இல்லாமல் பழகலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் எண்ட்ரி போட விடும், பழகுவதற்கு அது போதும். ஃபார்முலா வரவில்லையென்றால் ஏஐயிடம் கேட்பதிலும் தப்பில்லை. பத்திகளின் பெயரை மட்டும் சொல்லிக் கேளுங்கள். பார்ட்டி பெயர், விலை, பேங்க் எண் உள்ள ஷீட்டை அதில் ஏற்றிவிடாதீர்கள், வீட்டுக்குப் பென் டிரைவில் எடுத்தும் போகாதீர்கள்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது

எச்.ஆர். வாயால் சொன்னதற்கு நீங்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். புகாராக எழுத வேண்டாம். இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"ஈஆர்பியில் பில்லிங், கொள்முதல் பதிவு, ஜாப் ஒர்க் கணக்கு மூன்றையும் மூன்று மாதத்துக்குள் நானே முழுமையாகச் செய்ய விரும்புகிறேன். இதற்காக (1) உண்மைக் கணக்கைப் பாதிக்காத ஒரு சோதனை லாகின், (2) காலையில் 25 நிமிடப் பயிற்சி நேரம், (3) சந்தேகம் கேட்க ஒரு பொறுப்பாளர், (4) 4, 8, 12ஆம் வார முடிவில் என் வேலையைச் சரிபார்த்து எழுத்தில் கருத்து ஆகியவற்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சோதனை லாகினை விட்டுக்கொடுக்காதீர்கள். உண்மைக் கணக்கில் தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தோடு யாராலும் பழக முடியாது. மென்பொருள் விற்றவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கூடுதல் செலவில்லாமலே அமைத்துத் தருவார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். எந்த டையிங் யூனிட்டில் எந்த ரகத் துணிக்கு எடை எவ்வளவு குறையும், எந்தச் சலான் இன்னும் திரும்பவில்லை என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஈஆர்பிக்கு உயிரே அதுதான். ஒரே டையிங்காரர் மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று பார்ட்டியாக ஏறியிருந்தால், எத்தனை கோடி கொடுத்து வாங்கிய மென்பொருளும் பாக்கியைத் தப்பாகத்தான் காட்டும். பார்ட்டி மாஸ்டரையும் (நாம் வாங்கி விற்பவர்களின் பெயர்ப் பட்டியல்) சேதாரச் சதவீதத்தையும் சுத்தம் செய்து ஏற்றும் பொறுப்பை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். அந்த வேலையில் ஸ்க்ரீனும் பழகும். தம்பி உங்களிடம் வந்து கேட்க வேண்டிய நிலையும் வரும்.

இவ்வளவுக்கும் பிறகு கெடு முடிந்து கூப்பிட்டு, அச்சடித்த ராஜினாமா கடிதத்தை நீட்டினால், அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். நடந்ததை அன்று மாலையே எச்.ஆருக்கு இமெயிலில் இரண்டு வரியில் எழுதுங்கள், மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போய் வருகையைப் பதியுங்கள். உள்ளே விடவில்லையென்றால் உங்கள் நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மேலே சொன்ன கடிதத்தின் நகல், இந்த மூன்றோடும் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அந்தக் காகிதங்களை இன்றே ஒரு கவரில் போட்டு வீட்டில் வையுங்கள்.